விடை திரையிலா, வானிலா?

தமிழர் திருமணத்தில் அம்மி மிதித்து அருந்ததி பார்த்தல் ஒரு சடங்கு. மணமகன் வடதிசை வானைச் சுட்டிக் காட்டுகிறான். மணமகளும் தலை நிமிர்ந்து பார்க்கிறாள். ஆனால், பெரும்பாலான திருமணங்கள் பகலில் நடைபெறுகின்றன. கதிரவன் காயும் வேளையில் அருந்ததி கண்ணுக்குப் புலப்படுவதில்லை. எனவே, காட்டியவனும் கண்டானில்லை, பார்த்தவளும் கண்டாளில்லை. அருந்ததி என்னும் பெயர் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறது. அருந்ததியைக் கண்டவர் எத்தனை பேர் என்று கேட்டால் விடை கூறுவது அரிது.

பெயரை அறிதல் வேறு. பொருளை அறிதல் வேறு. இவ்விரண்டிற்கும் உள்ள இடைவெளியை இந்நாளில் நன்கு எடுத்துக்காட்டுவது, இணையவழி நடைபெறும் வானியல் வினாவிடைப் போட்டி. அப்போட்டி எவ்வாறு வளர்ந்தது, அதன் குறையும் நிறையும் யாவை, தோட்டப்புற மாணவர்க்கு அதனால் விளையும் பயன் யாது என்பவற்றை இங்கே காண்போம்.

போட்டி வளர்ந்த வகை

பள்ளி மாணவர்க்கென அனைத்துலக வானியல் ஒலிம்பியாட் 1996-ஆம் ஆண்டில் இரசிய நாட்டில் தொடங்கப்பெற்றது. பின்னர், 2007-ல் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் அனைத்துலக வானியல் வானியற்பியல் ஒலிம்பியாட் என்னும் மற்றொரு போட்டி தோன்றியது. இது ஆண்டுதோறும் ஒவ்வொரு நாட்டில் கூடுகிறது. இந்தியாவில் 2016-ல் புவனேசுவரத்திலும், 2025-ல் மும்பையிலும் நடைபெற்றது.

இப்போட்டியில் மூன்று கூறுகள் உண்டு. கோட்பாட்டு வினாக்களுக்குக் கணக்கிட்டு விடை காணுதல் ஒன்று. தொலைநோக்கி திரட்டிய தரவுகளை ஆராய்ந்து முடிவு கூறுதல் இரண்டு. வானத்தை நோக்கி விண்மீன்களையும் விண்மீன் குழுக்களையும் இனங்காணுதல் மூன்று. மூன்றாவது கூறே இதனை மற்றத் தேர்வுகளினின்று வேறுபடுத்துவது. ஏட்டில் முதல்வனாக விளங்கும் மாணவன், இருளில் நின்று தலை நிமிரும்போது திகைப்பதுண்டு.

2020-ல் கொள்ளைநோய் உலகெங்கும் பரவியது. மாணவர் ஓரிடத்தில் கூடுதல் இயலாதாயிற்று. அவ்வாண்டு எசுத்தோனியா நாடு பொறுப்பேற்று, உலக மின்வழிப் போட்டி ஒன்றை நடத்தியது. மாணவர் தத்தம் நாட்டில் இருந்தபடியே கலந்துகொண்டனர். அடுத்த ஆண்டு, 2021-ல், கொலம்பியா நாட்டின் பொறுப்பில் நடந்த ஒலிம்பியாடும் இணையவழியே நிகழ்ந்தது. வான்நோக்கும் ஆர்வலர் கழகங்களும் அதே காலத்தில் வினாவிடைப் போட்டிகளை இணையத்தில் நடத்தத் தலைப்பட்டன. நோய் தணிந்த பின்னும் அப்பழக்கம் நின்றுவிடவில்லை. செலவின்றி, பயணமின்றி, எந்தச் சிற்றூரிலிருந்தும் சேரலாம் என்பது அதன் பெருஞ்சிறப்பு.

குறை எங்கே?

"சூரியனை நீக்கினால் நம் கண்ணுக்கு மிகுந்த ஒளியுடன் தோன்றும் விண்மீன் எது?" என்று வினவினால் சிரியசு என்பது விடை. கைப்பேசியைத் தொட்ட மறுகணம் அவ்விடை வந்து நிற்கும். அதனை எழுதியவன் வெல்லலாம். ஆனால் அவன் சிரியசைக் கண்டவனா என்பதைப் போட்டி அறியாது. பகலில் காட்டிய அருந்ததிக்கும் இதற்கும் வேறுபாடு யாது?

ஆகவே, நல்ல போட்டியாளர் வினாவை வேறு வகையில் அமைக்கின்றனர். இடத்தையும் காலத்தையும் குறிப்பிட்டு, அங்கு நிற்பவன் கண்ணுக்கு எது எங்கே தோன்றும் என்று கேட்கின்றனர். இத்தகைய வினாவுக்கு மனப்பாடம் உதவாது. நெகிரி செம்பிலான் மாநிலம், போர்ட்டிக்சன் மாவட்டத்தில் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சுவாவை எடுத்துக்கொண்டு, அவ்வகை வினாக்கள் சிலவற்றை ஆராய்வோம்.

துருவ விண்மீன் எங்கே?

"சுவாவில் துருவ விண்மீன் எவ்வளவு உயரத்தில் தெரியும்?" என்பது முதல் வினா. வடமுனையில் நிற்பவனுக்கு அது தலைக்கு நேர்மேலே, அதாவது 90 பாகை உயரத்தில் நிற்கும். நிலநடுக்கோட்டில் நிற்பவனுக்கு அடிவானைத் தொட்டு நிற்கும். இடையில் உள்ளவர்க்கு, அவரவர் ஊரின் அகலாங்கு எத்தனை பாகையோ, ஏறத்தாழ அத்தனை பாகை உயரத்தில் தோன்றும். சென்னையில் 13 பாகை. யாழ்ப்பாணத்தில் பத்துப் பாகைக்குச் சற்றுக் குறைவு. சுவாவில் இரண்டரைப் பாகையே.

கையை நீட்டி இரு விரல்களை அடிவானத்தின்மேல் கிடத்தினால் மூன்று பாகை அளவு மறையும். செம்பனை மரங்களும் அடிவானப் புகையும் மறைக்கும் உயரம் அதனினும் மிகுதி. ஆதலால், துருவ விண்மீன் சுவா மக்கள் கண்ணுக்கு எட்டுவதில்லை. துருவனை நோக்கித் திசை அறிக என்று பாடநூல் கூறுமானால், அது வடநாட்டார்க்குப் பொருந்தும் பாடம். தோட்டத்து மாணவனுக்குப் பொருந்தாது.

இழந்தது ஒன்று, பெற்றது பல

துருவனை இழந்த சுவா, பிறர் பெறாத பேறு ஒன்றைப் பெற்றுள்ளது. மே, சூன் திங்கள்களில் வானம் தெளிந்த இரவு 9 மணி அளவில் திடலின் நடுவே நிற்பவன் வடக்கு நோக்கினால், எழுமீன் எனப்படும் சப்தரிசி மண்டலத்தைக் காண்பான். அவ்விடத்திலேயே திரும்பித் தெற்கு நோக்கினால், தென்சிலுவையைக் காண்பான். இரண்டும் ஏறத்தாழ 30 பாகை உயரத்தில், ஒன்றையொன்று எதிர்நோக்குவனபோல் நிற்கும். இலண்டன் மாணவன் தன் ஊரில் இருந்தபடி தென்சிலுவையை என்றும் காணான். சிட்னி மாணவனுக்கு எழுமீன் முழுமையாகத் தோன்றாது. நிலநடுக்கோட்டை ஒட்டி வாழ்பவனுக்கே ஓராண்டில் ஏறக்குறைய முழுவானமும் காட்சி தருகிறது.

அந்த எழுமீனிலேதான் அருந்ததி இருக்கிறது. கலப்பையின் வளைந்த கைப்பிடிபோல் நீண்ட மூன்று விண்மீன்களுள் நடுவில் உள்ளது வசிட்டன். அதனை ஒட்டி மங்கலாக ஒளிர்வது அருந்ததி. நல்ல கண்ணுக்குக் கருவியின்றியே தெரியும். இரண்டிரண்டாகத் தெரிகின்றனவா என்று பார்ப்பது, கண்ணைச் சோதிக்கும் எளிய வழியுமாகும்.

நிழலில்லா நண்பகல்

"சுவாவில் நட்ட கோலுக்கு எந்நாளில் நிழல் விழாது?" என்பது மற்றொரு வினா. கதிரவன் ஆண்டுக்கு இருமுறை சுவாவின் உச்சியைக் கடக்கிறான். மார்ச்சு 27-ஐ ஒட்டி ஒருமுறை. செப்டம்பர் 16-ஐ ஒட்டி மறுமுறை. பின்னது மலேசிய நாளாக அமைந்திருப்பது நினைவில் நிறுத்த எளிது.

எத்தனை மணிக்கு? பன்னிரண்டு மணிக்கு என்பான் அவசரக்காரன். கடிகாரம் அவனை ஏமாற்றும். மலேசிய நேரம் 120 பாகைக் கிழக்கு நெட்டாங்கை ஒட்டியது; சுவாவோ ஏறத்தாழ 102 பாகையில் உள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்கிட்டால் 72 நிமிடம் பிந்துகிறது. எனவே, உண்மை நண்பகல் பகல் 1 மணிக்கு மேல்தான் வரும். 1982 சனவரி முதல் நாளில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரைமணி முன்னே தள்ளப்பட்டபோது, இந்த இடைவெளி மேலும் விரிந்தது.

இவ்விடத்தில்தான் இணையம் உண்மையான துணையாகிறது. அதே நாளில் பினாங்கு மாநிலத்து மாணவன் ஒருவன் ஒரு மீட்டர்க் கோலை நேராக நட்டால், அவன் ஊர் நண்பகலில் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நிழல் விழும். அந்நிழல் 2.9 பாகைச் சாய்வைக் காட்டுகிறது. இரு ஊர்களுக்கும் தெற்கு வடக்காக உள்ள தொலைவு ஏறத்தாழ 320 கிலோமீட்டர். முழுவட்டமாகிய 360 பாகை, 2.9 பாகையைப் போல் 124 மடங்கு. 320-ஐ 124-ஆல் பெருக்கினால் நிலவுலகின் சுற்றளவு 40,000 கிலோமீட்டரை நெருங்கி வருகிறது. ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எரட்டோசுதெனீசு என்னும் அறிஞர் கையாண்ட முறை இதுவே. இரு கோல்கள், இரு பள்ளிகள், ஒரு செய்தி; இவையே இதற்குத் தேவை.

சென்னை தந்த கொடை

விண்மீன்களின் ஒளித்தரம் பற்றிய வினா இல்லாத போட்டி இல்லை. முதல் தர விண்மீன், ஆறாம் தர விண்மீனைக் காட்டிலும் 100 மடங்கு ஒளியுடையது; ஒரு தரத்திற்கும் அடுத்த தரத்திற்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 2.512. இந்த அளவுமுறையை 1856-ல் வகுத்தவர் நார்மன் போக்சன் என்னும் ஆங்கிலேயர். அவர் 1861-ல் சென்னை வானாய்வகத்தின் தலைவராக வந்து, 1891-ல் மறையும்வரை அங்கேயே பணியாற்றினார். வந்த ஆண்டிலேயே சிறுகோள் ஒன்றைக் கண்டு, அதற்கு 'ஆசியா' என்று பெயரிட்டார்.

அவருக்குத் துணையாக விளங்கியவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரி. 1867-ல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்த பெருமை இவருக்குண்டு. 1874-ல் வெள்ளிக்கோள் சூரியனைக் குறுக்கிட்டுக் கடந்தபோது, பொதுமக்கள் அறியும்பொருட்டு இந்திய மொழிகளில் சிறுநூல் எழுதி வெளியிட்டார். வானியலை மக்கள் மொழியில் கூறவேண்டும் என்னும் எண்ணம் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே தோன்றிவிட்டது என்பதற்கு அந்நூல் சான்று.

மொழியும் ஆர்வலரும்

மேற்கூறிய அனைத்துலகப் போட்டியிலும், வினாத்தாளைக் குழுத் தலைவர்கள் தம் மாணவரின் மொழியில் பெயர்த்தளிக்க இடமுண்டு. அறிவைச் சோதிப்பதே நோக்கம், ஆங்கிலத்தைச் சோதிப்பதன்று. தமிழ்ப்பள்ளி மாணவனுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. கார்த்திகை, உரோகிணி, ஆதிரை, மகம், சித்திரை, கேட்டை என்று பாட்டியார் நாவில் வழங்கும் பெயர்கள் சோதிடத்திற்கு மட்டும் உரியன அல்ல. வானில் கைநீட்டிக் காட்டத்தக்க விண்மீன்களின் பெயர்கள். அகத்தியன் என்று முன்னோர் அழைத்த விண்மீன், ஒளியில் சிரியசுக்கு அடுத்தது. இப்பெயர்களை அறிந்த பிள்ளை, போட்டிக்குப் பாதி ஆயத்தமாகவே வருகிறான்.

ஆர்வலர் கண்டறிவது என்ன இருக்கிறது என்று ஐயுற வேண்டா. 2007-ல் விண்மீன் மண்டலங்களை வகைப்படுத்தும் பணியில் பொதுமக்களை இணையவழி ஈடுபடுத்தும் முயற்சி ஒன்று தொடங்கியது. அதில் பங்குபற்றியவர் ஆலந்து நாட்டுப் பள்ளி ஆசிரியை ஆனி வான் ஆர்க்கெல். படம் ஒன்றில் எவ்வகையிலும் சேராத ஒளித்திட்டு ஒன்றைக் கண்டு, "இஃது என்ன?" என்று அவர் வினவினார். அறிஞர்களுக்கும் அது புதிதாயிற்று. இன்று அது அவர் பெயராலேயே வழங்குகிறது. பிறர் கேட்ட வினாவுக்கு விடை கூறியதால் அவர் புகழ் பெறவில்லை. தாமே ஒரு வினாவைக் கேட்டதால் பெற்றார்.

வினாவிடைப் போட்டியின் உண்மைப் பயன் இதுவே. பரிசு பெறுவோர் சிலர். தலை நிமிர்ந்து நோக்கப் பழகுவோர் பலராகலாம். அதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. தெலுக் கெமாங்கில் வானாய்வகம் ஒன்று இதே மாவட்டத்தில் உள்ளது. அங்குச் செல்ல இயலாதவர்க்குப் பள்ளித் திடல் போதும். விளக்கை அணைத்துக் கால்மணி நேரம் கண்ணை இருளுக்குப் பழக்கினால், மங்கிய விண்மீன்களும் ஒவ்வொன்றாக வெளிப்படும். இவ்வாண்டு இல்லாவிடினும் வரும் ஆண்டிலேனும், சுவாவின் மணமக்கள் விருந்து முடிந்த இரவில் வெளியே வந்து, வடதிசை நோக்கி, அருந்ததியை உண்மையாகவே கண்டு மகிழ்வார்களாக.