சாம்பல் கரையில் நெய்தல்

சென்னையில் தனியே நடந்து மனத்தை ஆற்றிக்கொள்ள விரும்புவோர் மெரினாவுக்கோ பெசன்ட் நகருக்கோ போவார்களே தவிர, எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்துக்குப் போவது அரிது. அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும், நிலக்கரிக் குவியல்களும், ஆற்றைக் குறுக்கே கடக்கும் உயரழுத்த மின்கம்பிகளும் சூழ்ந்த அந்தக் கரையை அழகோடு சேர்த்துப் பேசும் வழக்கம் நகரத்தாருக்கு இல்லை. ஆயினும், நிலத்தைப் பார்ப்பதற்குப் பழந்தமிழ் இலக்கணம் வகுத்த முறையை நினைவில் கொண்டு அங்கே நடப்பவருக்கு, ராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் துறைமுக, தொழிற்சாலைப் பட்டையில் நெய்தல் நிலம் பெரும்பகுதி எஞ்சியிருப்பது இங்கேதான் என்பது விரைவில் புலப்படும்.

தொல்காப்பியம் ஒரு திணையை முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்றாகப் பகுத்துக் காண்கிறது. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் என்பது அந்நிலத்தில் வாழ்வதும் விளைவதும் நிகழ்வதும். உரிப்பொருள் என்பது அந்நிலத்துக்கு உரியதாகக் கொள்ளப்பட்ட உணர்வு. நெய்தலுக்கு நிலம் கடலும் கடல் சார்ந்த இடமும். பொழுது, எற்பாடு எனப்படும் பொழுது சாயும் வேளை. உணர்வு இரங்கல், அதாவது பிரிந்தவரை எண்ணி ஆற்றாது வருந்துதல். இந்தப் பகுப்பு மரம், பறவை, உணவு ஆகியவற்றோடு மக்களின் தொழிலையும் கருப்பொருளில் சேர்த்திருப்பது கவனிக்கத்தக்கது. அதன்படி மீன் பிடிப்பதும் உப்பு விளைப்பதும் நிலக்காட்சிக்கு இடையூறு அல்ல, அதன் உறுப்புகள். துயரத்தையும் அழகையும் அது ஒரே கரையில் வைத்ததும் அதே அளவுக்கு முக்கியமானது. சங்கப் பாடல்களின் நெய்தல் தலைவி கழிக்கரையில் தனித்து நின்று நாரையைப் பார்க்கிறாள், மணலில் ஓடும் நண்டோடு விளையாடுகிறாள்; துயர் தீரட்டும், பிறகு கரையைப் பார்ப்போம் என்று அவள் காத்திருப்பதில்லை. எண்ணூருக்குப் போகும் நடையாளருக்கும் இந்த மனநிலையே வேண்டும். அங்கே கெட்டது எது, கெடாதது எது என்று தனித்தனியே பிரித்துப் பார்க்க முயல்பவர் இரண்டையும் சரியாகப் பார்க்காமல் திரும்பிவிடுவார்.

கொசஸ்தலை ஆறு ஏறத்தாழ 136 கிலோமீட்டர் நீளமுடையது. 1944இல் கட்டிமுடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் சென்னையின் குடிநீருக்காக அதன் நீரைத் தேக்கிக்கொள்கிறது. ஆகவே தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளுக்குக் கீழே ஆண்டின் பெரும்பகுதியில் நன்னீர் வருவது குறைவு, வடகிழக்குப் பருவமழையின்போது மட்டும் பெருவெள்ளம் வரும். எஞ்சிய நாட்களில் கழிமுகத்தை நிரப்புவது கடலே. ஆற்றை வடக்கு தெற்காக வெட்டிச் செல்கிறது பக்கிங்காம் கால்வாய். சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையிலான அதன் முதற்பகுதி 1806இல் கொக்ரேன் என்பவரால் வெட்டப்பட்டது. 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகப் பிற பகுதிகள் இணைக்கப்பட்டதும், அப்போதைய ஆளுநரான பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்கு வந்தது. விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் சென்ற அதே கால்வாயில் வெள்ளையர்கள் ஓய்வைக் கழிக்கவும் படகு விடவும் எண்ணூருக்கு வந்துபோயிருக்கிறார்கள். ஒரு காலத்தில் உல்லாசத்துக்குப் பெயர்பெற்றிருந்த ஊர் என்பது இன்று அங்கே நிற்பவருக்கு நம்ப முடியாத செய்தியாகத்தான் இருக்கும்.

அழகான கடற்கரை எது, அழகற்ற கடற்கரை எது என்ற பிரிவினை இயற்கையாக வந்ததல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். சோழமண்டலக் கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதியில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. கரையோரமாக நிகழும் இந்த ஓயாத பெயர்ச்சியைக் கரையோர மணல் ஓட்டம் என்பார்கள். 1870களின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் கற்சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது, வடக்கே போக வேண்டிய மணல் தடைபட்டுத் தெற்கில் தங்கியது. அப்படித் தங்கிய மணலால் அகன்றதே மெரினா. அதன் ஓரமாக ஆளுநர் கிராண்ட் டஃப் 1880களில் நடைபாதை அமைத்து, அந்தப் பெயரையும் சூட்டினார். வர வேண்டிய மணல் வராமல் போன ராயபுரமும் திருவொற்றியூரும் கரையை இழந்தன. வீடுகளும் தெருக்களும் கடலுக்குள் போன பின், கரை நெடுகக் கருங்கற்களைக் கொட்டித் தடுக்க வேண்டியதாயிற்று. தென்பகுதி மக்கள் காலாற நடக்கும் மணலில் ஒரு பங்கு வடசென்னைக்குச் சேர வேண்டியது என்று கூறினால் அது மிகையாகாது. இன்று காசிமேட்டிலிருந்து எண்ணூர் நோக்கிச் செல்லும் விரைவுச் சாலையில் கடலுக்கும் சாலைக்கும் இடையே அந்தக் கற்களே நிற்கின்றன. அவற்றின் இடுக்கில் தூண்டில் போடுவோர் இருக்கிறார்கள், உலாவ வருவோர் இல்லை.

கழிமுகத்தின் துயரம் இதைக் காட்டிலும் புதியது. இந்திய நிலக்கரியில் சாம்பலின் பங்கு மிகுதி. எரித்த நிலக்கரியின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பலாக எஞ்சுவது வழக்கம். 1990களின் நடுவில் இயங்கத் தொடங்கிய வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல், நீரில் கரைக்கப்பட்டுக் குழம்பாகக் குழாய்கள் வழியே செப்பாக்கம் அருகிலுள்ள சாம்பல் குளத்துக்குச் செலுத்தப்படுகிறது. நீர்நிலைகளைக் கடந்து செல்லும் அந்தக் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் ஒழுகியதால், சாம்பல் ஆற்றின் அடியில் படிந்து ஆழத்தைக் குறைத்தது. மணலும் களியும் கலந்த இயல்பான சேறு காலை உள்வாங்கும். சாம்பல் படிந்த அடித்தளமோ சிமெண்ட் போல இறுகிவிடுவதால், அதில் நண்டு வளை தோண்டுவதும் இறால் ஒதுங்குவதும் கடினமாகின்றன. 2017இல் டி. எம். கிருஷ்ணா பாடி வெளிவந்த சென்னைப் புறம்போக்குப் பாடலின் காணொளி இந்தச் சாம்பல் வெளியில் எடுக்கப்பட்டது. எண்ணூரின் நிலை நகரத்தின் பிற பகுதியினர் பலருக்கு அதன் மூலமே தெரியவந்தது.

இவற்றையெல்லாம் அறிந்துகொண்டு, கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயிலில் எண்ணூரில் இறங்கிப் பொழுது சாயும் வேளையில் காட்டுக்குப்பம் பக்கம் ஆற்றோரமாக நடப்பவர் என்ன காண்பார்? நீர் வற்றும் நேரமாக இருந்தால் முதலில் கண்ணில் படுவது சேறு. சென்னைக் கடலில் நாளொன்றுக்கு இருமுறை ஏற்றமும் இருமுறை வற்றமும் நிகழ்கின்றன. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி அவற்றின் வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர் வரை இருக்கும். நீர் இறங்கிய சேற்றில் விரல் நுழையும் அளவுக்குச் சிறு துளைகளும், ஒவ்வொரு துளையைச் சுற்றியும் கடுகளவு மண் உருண்டைகளும் காணப்படும். சேற்றை வாயில் இட்டு அதிலுள்ள நுண்பாசியைச் சலித்துத் தின்றபின் நண்டு துப்பும் மிச்சமே அந்த உருண்டைகள். அசையாமல் சில நிமிடம் நின்றால் துளைகளிலிருந்து நண்டுகள் வெளிவரும்; ஆண் நண்டின் ஒரு கொடுக்கு மட்டும் உடலளவுக்குப் பெரிதாக இருக்க, அதை உயர்த்தி உயர்த்தி இறக்கிப் பெண் நண்டை அழைக்கும். காலடி ஓசை கேட்டதும் ஒரே நொடியில் வெளி முழுதும் காலியாகிவிடும். இக்கரையைத் தனியாகச் சென்று காண்பதே பயன் தரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை.

சற்றுத் தள்ளி, அலையாத்தி மரங்களில் ஒன்றான வெண்கண்டல் நிற்கும். அதன் வேரிலிருந்து பென்சில் கனத்தில் கிளம்பும் குச்சிகள் சேற்றுக்கு மேலே நூற்றுக்கணக்கில் நீட்டிக்கொண்டிருக்கும். காற்றில்லாத சேற்றில் மூச்சு விடுவதற்காக மரம் மேலே அனுப்பிய மூச்சுவேர்கள் அவை. உறிஞ்சிய உப்பை இலையின் வழியே வெளியேற்றும் திறனும் அதற்கு உண்டு என்பதால், இலையை நாவில் வைத்தால் கரிக்கும். கரையின் மேட்டில் உமரிச் செடி சிவந்து படர்ந்திருக்கும். ஆழமற்ற நீரில் நெடுங்கால் உள்ளான்கள் இரை தேடும். பழவேற்காட்டு ஏரி வடக்கே தொலைவில் இல்லை என்பதால் கூழைக்கடாக்களும், பருவத்தில் வலசைப் பறவைகளும் இங்கே வந்து இறங்கும். இவற்றுக்கெல்லாம் பின்னணியில் புகைபோக்கிகள் நிற்கத்தான் செய்கின்றன. அவற்றை விலக்கிப் படம் எடுப்போர் உண்டு, ஆனால் விலக்காத படமே உண்மையானது.

கருப்பொருளில் தொழிலுக்கு இடம் உண்டு என்று மேலே கூறியதன் பொருள் முழுதாக விளங்குவது, வெறுங்கையால் இறால் பிடிப்போரைக் காணும்போதுதான். சடையங்குப்பம் பக்கத்து இருளர்கள் ஆழமற்ற கழியில் இடுப்பளவு, சில வேளை கழுத்தளவு நீரில் அமர்ந்த நிலையில் நகர்ந்தபடி, இரு கைகளாலும் அடிச்சேற்றைத் துழாவுவார்கள். ஓலையால் முடைந்த பறி என்னும் கூடையின் வாய் விளிம்பைப் பற்களால் கவ்விக்கொண்டிருப்பதால் கைகள் இரண்டும் வேலைக்குக் கிடைக்கும். விரலில் தட்டுப்பட்ட இறால் அப்படியே பறிக்குள் போகும். வலையோ படகோ எஞ்சினோ இத்தொழிலுக்கு வேண்டா. ஆனால் சேறு மென்மையாக இருந்தாக வேண்டும். அடித்தளம் இறுகிப்போனதை அளவுக் கருவிகள் சொல்வதற்கு முன்பே இவர்களுடைய விரல்கள் அறிந்திருந்தன என்று கொள்வதில் தவறில்லை.

இத்தகைய இடத்தில் நடப்பதால் மனத்துக்கு ஆறுதல் கிட்டுமா என்ற ஐயம் எழலாம். அமெரிக்க உளவியலாளர்களான ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் இருவரும் 1989இல் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துரைத்த கவன மீட்புக் கோட்பாட்டின்படி, வேலைக்காக முயன்று செலுத்தும் கவனம் களைத்துப்போகும். நீரின் அசைவு, இலையின் ஆட்டம் போன்ற, முயற்சியின்றித் தாமாகவே மனத்தை ஈர்ப்பவற்றின் நடுவே இருக்கும்போது அது மீண்டும் தெளிவடையும். அவ்வாறு ஈர்ப்பவை மாசற்ற இடத்தில்தான் கிடைக்கும் என்று எண்ணுவதற்கில்லை. நண்டின் கொடுக்கும் ஏறிவரும் நீரின் விளிம்பும் எண்ணூரிலும் அதே வேலையைச் செய்கின்றன.

நம்பிக்கை என்பது வேறு கேள்வி. அதற்கு ஆறுதல் போதாது, சான்று வேண்டும். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் கழிமுகம் முழுதும் பரவி, படகுகளிலும் வலைகளிலும் கூழைக்கடாக்களின் இறகுகளிலும் அப்பியது. அதை அள்ளியவர்களில் பெரும்பாலோர் குப்பத்து மீனவர்கள். வாளியும் குவளையுமே அவர்களின் கருவிகள். அந்த மாத இறுதியிலேயே பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓட நேர்ந்தது. ஒரே மாதத்தில் இரண்டு பேரிடர்களைக் கண்ட கரையில் நம்பிக்கையைப் பற்றிப் பேசுவது கூசத்தக்கதே. ஆனால் அதே கரையின் மீனவர்கள் தொடுத்த சாம்பல் வழக்கில்தான் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022இல் கழிமுகத்தை மீட்டெடுக்குமாறு உத்தரவிட்டது. கடலும் தன் பங்கைச் செய்கிறது: முகத்துவாரம் மணலால் அடைபடாமல் இருக்கும்வரை, நாளுக்கு இருமுறை புதுநீர் உள்ளே வந்து, மீன் குஞ்சையும் இறால் குஞ்சையும் கொண்டுவந்து சேர்க்கிறது.

அடையாற்றில் 2011இல் திறக்கப்பட்ட 58 ஏக்கர் சூழல் பூங்காவுக்குத் தொல்காப்பியப் பூங்கா என்று பெயர். நன்கு பேணப்படும் அந்தப் பூங்காவில் மரமும் பறவையும் நீரும் உண்டு. தொல்காப்பியர் கருப்பொருளில் சேர்த்த தொழில் மட்டும் இல்லை. எண்ணூரைச் சீரமைக்க முற்படுவோருக்கும் இதே தூண்டுதல் ஏற்படக்கூடும், அதாவது கரையில் கம்பியும் நடைபாதையும் போட்டுவிட்டு மீனவரை அப்புறப்படுத்துவது. அதைக் காட்டிலும் கடினமான வேலை ஆற்றடிச் சாம்பலை எடுப்பது. ஒரேயடியாக இயந்திரங்களை இறக்கித் தோண்டினால் சாம்பலோடு நல்ல சேறும், அதில் வளை தோண்டிய உயிர்களும் சேர்ந்தே போய்விடும். பகுதி பகுதியாக எடுத்தால் ஒரு பகுதியின் உயிர்கள் அடுத்த பகுதியில் குடியேற இடமிருக்கும். எந்த இடத்தில் எவ்வளவு ஆழத்துக்குச் சாம்பல், எந்த இடத்தில் அடியில் இன்னும் களி என்பதைக் கையால் துழாவிச் சொல்லக்கூடியவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். தோண்டுவதற்கான வரைபடம் அவர்களோடு உட்கார்ந்து வரையப்பட வேண்டும்.