உஷார்! அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீங்க

பக்கவாதம் வந்த அப்பாவையோ மாமனாரையோ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்திருக்கிறீர்களா? கட்டிலிலிருந்து எழுப்பப் போகிறீர்களா? ஒரு நிமிஷம் நில்லுங்கள். மகன் ஒரு பக்கம், மருமகள் ஒரு பக்கம், ஆளுக்கொரு அக்குளில் கையைக் கொடுத்து "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று தூக்குவதுதான் நம் வீடுகளில் வழக்கம். இருபது வருஷமாக நர்ஸாக இருக்கிறேன். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

தோள்மூட்டு ஆழமில்லாத ஒரு கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும் பந்து. சுற்றியிருக்கும் தசைகள்தான் அதை நழுவாமல் பிடித்துவைத்திருக்கின்றன. பக்கவாதம் தாக்கிய பக்கத்தில் அந்தத் தசைகள் துவண்டு கிடக்கும். தொங்கும் கையின் பாரத்துக்கே பந்து மெல்லக் கீழே இறங்கும். அந்த நிலையில் அக்குளில் நெம்பினாலோ, செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தாலோ என்ன ஆகும்? தோள் எலும்புக்குக் கீழே தடவிப் பாருங்கள், ஒரு விரல் பதியும் அளவு பள்ளம் இருக்கும். அதன்பிறகு சட்டை மாட்டினால்கூட அலறுவார். வலிக்குப் பயந்து பயிற்சியை விடுவார். திரும்பி வந்திருக்க வேண்டிய கை அப்படியே நின்றுபோகும்.

தூக்குகிறவர் கதியும் இதேதான். நோயாளியைத் தூக்குவதற்கு 35 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 16 கிலோதான் எல்லை என்று அமெரிக்காவின் தொழில்பாதுகாப்பு ஆய்வாளர் தாமஸ் வாட்டர்ஸ் 2007இல் எழுதினார். அதுவும் எல்லாம் வசதியாக அமைந்தால்தான். 60 கிலோ மனிதரை இரண்டு பேர் பங்குபோட்டாலும் ஆளுக்கு 30 கிலோ! அரிசி மூட்டை பிடித்த இடத்தில் நிற்கும். மனிதர் துவளுவார், பயந்து கழுத்தைக் கட்டிக்கொள்வார்.

இத்தனையும் தெரிந்த நானே மாட்டினேன். மாமனார் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தோம். டயப்பர் மாற்ற ஒரே பக்கம்தான் வழி. ராத்திரி இரண்டு மணி, உதவிக்கு யாரையும் எழுப்ப மனசில்லை. கால் ஒரு திசையில், உடம்பு ஒரு திசையில் திருகியபடி அவரை என் பக்கம் இழுத்தேன். இடுப்பில் 'சுருக்'கென்றது. மூன்று வாரம் நானும் படுக்கை. தயவுசெய்து இன்றைக்கே கட்டிலைச் சுவரைவிட்டுத் தள்ளிப்போடுங்கள், இரண்டு பக்கமும் ஆள் நிற்கும்படி.

நோயாளியை நீங்கள் தூக்கவே வேண்டாம். அவரே எழ வேண்டும், நீங்கள் துணை மட்டும்தான். முழங்காலை மடக்கி ஒருக்களிக்க வையுங்கள். காலைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, நல்ல கையை ஊன்றி உட்காரச் சொல்லுங்கள். உட்கார்ந்ததும் நிற்கவைக்காதீர்கள். நாள்கணக்கில் படுத்திருந்தவருக்கு எழுந்ததும் ரத்த அழுத்தம் சரியும். எழுந்து 3 நிமிஷத்துக்குள் மேல் அளவு 20 புள்ளியோ, கீழ் அளவு 10 புள்ளியோ இறங்கினாலே ஆபத்து. பாதம் தரையில் பதிய இரண்டு மூன்று நிமிஷம் உட்காரட்டும். முகம் வெளுத்தாலோ கண் சொருகினாலோ உடனே படுக்கவையுங்கள்.

வீல்சேரை நல்ல பக்கத்தில் நிறுத்தி, பிரேக் போட்டு, கால்பலகையை மடக்கிவிடுங்கள். அவர் கட்டில் விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு முன்னால் குனியட்டும். மூக்கு கால்விரலுக்கு நேரே வந்தால் பிட்டம் தானாகக் கிளம்பும். நீங்கள் காலை அகட்டி, முழங்காலை மடக்கி, அவரை ஒட்டி நில்லுங்கள். பிடி இடுப்பில். அவருடைய பலவீனமான முழங்கால் மடங்காதபடி உங்கள் முழங்காலால் அணைகட்டுங்கள். திரும்பும்போது பாதத்தை எடுத்துவைத்துத் திரும்புங்கள், இடுப்பைத் திருகாதீர்கள்.

படுக்கையில் மேலே ஏற்றும்போது தரதரவென்று இழுத்தால் தோல் துணியோடு ஒட்டி நிற்கும், எலும்பு மட்டும் நகரும். படுக்கைப்புண் அங்கேதான் பிறக்கிறது. தோள் முதல் தொடை வரை மடித்த பெட்ஷீட் ஒன்றைப் போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கமும் சுருட்டிப் பிடித்து நகர்த்துங்கள். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுவதும், குதிகாலையும் முதுகின் அடிப்பகுதியையும் தினமும் பார்ப்பதும் கட்டாயம்.

விழப்போகிறார் என்றால் தாங்கிப் பிடிக்கப் போகாதீர்கள். உங்கள் தொடையில் சாய்த்துத் தரைக்கு வழுக்கிவிடுங்கள், தலை மட்டும் அடிபடக் கூடாது. பிறகு அவசரமாக எழுப்பாதீர்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இதையெல்லாம் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமா? தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்றைக்கே கேளுங்கள்.

பார்த்துக்கொள்கிற அம்மாக்களே, மருமகள்களே, உங்களுக்கும் ஒன்று. இடுப்புவலியோடு சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, பாதம் தொங்கினாலோ தைலம் தேய்த்துக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதுகெலும்பின் அடியிலுள்ள நரம்புக்கொத்து நசுங்கிக்கொண்டிருக்கலாம். அந்த ராத்திரியே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.