பாதி வழியில் பாதியாகும் மருந்து

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வரும் பூவும் கீரையும் மாலைக்குள் விற்றாக வேண்டும் என்பது நாம் அறிந்ததே. பூவைவிட விரைவில் வாடும் மருந்துப் பொருள் ஒன்று உண்டு. அதன் பெயர் ப்ளோரின்-18. 110 நிமிடங்களில் அதன் கதிரியக்கம் பாதியாகிவிடும். அடுத்த 110 நிமிடங்களில் கால் பங்காகும். புற்றுநோய் உடலில் எங்கெங்கே பரவியுள்ளது எனக் காட்டும் பெட் ஸ்கேன் பரிசோதனைக்கு இது மிகவும் தேவை.

இது சைக்ளோட்ரான் என்னும் துகள் முடுக்கியில் செய்யப்படுகிறது. இக்கருவியை 1930களின் தொடக்கத்தில் அமைத்த அமெரிக்க விஞ்ஞானி எர்னஸ்ட் லாரன்ஸ் 1939இல் நோபல் பரிசு பெற்றார். ஊஞ்சலை ஒரே தள்ளில் உயரே அனுப்ப முடியுமா? அது திரும்பி வரும்போதெல்லாம் சிறிது சிறிதாகத் தள்ளுகிறோம் அல்லவா? அதுபோலவே, காந்தத்தின் நடுவே வட்டமிடும் ஹைட்ரஜன் துகள்களுக்கு ஒவ்வொரு அரைச்சுற்றிலும் மின்சாரம் ஒரு தள்ளு கொடுக்கிறது. வேகம் ஏற ஏற வட்டமும் பெரிதாகிறது. இறுதியில் வெளியேறும் புரோட்டான்கள், ஆக்ஸிஜன்-18 நிறைந்த சிறிதளவு தண்ணீரில் மோதுகின்றன. ஒரு புரோட்டான் உள்ளே புகுகிறது. ஒரு நியூட்ரான் வெளியே போகிறது. ஆக்ஸிஜனின் அணு எண் 8. இப்போது 9 ஆகிவிட்டது. 9 என்றால் ப்ளோரின்! இரசவாதம் செய்து தோற்றவர்கள் இதைக் கண்டால் என்ன சொல்வார்களோ!

இந்த ப்ளோரினைக் குளுக்கோஸ் போன்ற ஒரு சர்க்கரையுடன் இணைத்து ஊசி மூலம் செலுத்துகிறார்கள். வேகமாகப் பெருகும் புற்றுநோய்ச் செல்கள் சர்க்கரையை மிகுதியாக இழுத்துக்கொள்ளும். அங்கிருந்து வரும் காமாக் கதிர்களைக் கருவி படமாக்குகிறது. எங்கள் தோழி ஒருத்தியின் பாட்டியைப் பெங்களூருக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். காப்பிகூடக் கூடாதா என்று பாட்டிக்கு ஒரே கோபம்! சாப்பிட்டுவிட்டால் மருந்துச் சர்க்கரை தசைகளுக்குள் போய்விடும்; படம் தெளிவாக இராது.

இந்தியாவின் முதல் மருத்துவ சைக்ளோட்ரான் 2002இல் மும்பை பரேலில் இயங்கத் தொடங்கியது. 2018இல் கொல்கத்தாவில் 3 கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள பெரிய சைக்ளோட்ரான் இயங்கலாயிற்று. நமக்கு அருகில் பெங்களூரிலும் மருத்துவ சைக்ளோட்ரான் உண்டு. ஆயினும் அங்கிருந்து கிருஷ்ணகிரிக்கு வந்து சேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம்! அத்திப்பள்ளி நெரிசலில் வண்டி நின்றால் இன்னும் கூடும். மருந்து பாதிக்கும் கீழே குறைந்துவிடும். நோயாளி மருந்தைத் தேடிப் போவதற்கு இது ஒரு முக்கியமான காரணம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

அணு உலையில் செய்யும் மாலிப்டினம்-99 வேறு விதம். அது பாதியாக 66 மணி நேரம் ஆகும். அதைத் தொலைவிலுள்ள மருத்துவமனைக்கு அனுப்பி, அதிலிருந்து பிறக்கும் டெக்னீசியம்-99எம் என்பதை வேண்டும்போது பிரித்தெடுக்கலாம். பசுவையே ஊருக்கு ஓட்டிவந்து பால் கறப்பது போல! எலும்பு, இருதயப் பரிசோதனைகளுக்கு அது பெரிதும் உதவுகிறது.

கதிரியக்க மருந்து உடம்பிலேயே தங்கிவிடாதா என்று அந்தப் பாட்டியும் கேட்டாராம். சில மணி நேரம் மட்டும் கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்க வேண்டாம் என்றார்களாம். நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 24 மணி நேரத்தில் ப்ளோரின்-18 பதின்மூன்று முறை பாதியாகிறது. மிஞ்சுவது எட்டாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மற்றதெல்லாம் மீண்டும் ஆக்ஸிஜன்-18 ஆகியிருக்கும்.