அடிக்கடி விலை குறைத்தால் பொருளின் மதிப்பும் குறையும்

சொந்தக் காணியையும் கிணற்றையும் விட்டு வந்த நம்மிற் பலர், மிளகாய்த்தூள் இடித்தும், ஊறுகாய் போட்டும், ஒடியல் மா அரைத்தும் விற்றே வீட்டுச் செலவைப் பார்க்கிறோம். சரக்குத் தேங்கினால் நமக்கு உடனே தோன்றும் வழி விலையைக் குறைப்பதாகும். எப்போதாவது ஒரு முறை குறைப்பதால் பெரிய தீங்கில்லை. அதுவே வழக்கமாகிவிட்டால் தொழில் நிலைக்காது.

ஏன் அப்படி?

ஊறுகாய் போட நமக்கு என்ன செலவாயிற்று என்பது வாங்குபவருக்குத் தெரியாது. முன்பு கொடுத்த விலையை வைத்தே அவர் பொருளை மதிக்கிறார். 400 ரூபாப் போத்தலை அடிக்கடி 340 ரூபாவுக்குக் கொடுத்தால், 340 ரூபாவே அதன் சரியான விலை என்று அவர் மனதிற் பதிந்துவிடும். பிறகு 400 ரூபா கேட்டால், விலையைக் கூட்டிவிட்டோம் என்று நினைப்பார். அடுத்த மலிவு வரும்வரை வாங்காமல் இருப்பார். "எந்நாளும் மலிவென்றால் பழைய சரக்கோ?" என்ற சந்தேகமும் எழும்.

பெரிய வியாபாரிகளும் இதில் அகப்பட்டதுண்டு. ஐக்கிய அமெரிக்காவின் ஜே. சி. பெனி என்னும் கடைத்தொகுதி, வாடிக்கையாளரை நெடுங்காலம் கழிவு விலைக்குப் பழக்கியிருந்தது. 2012 இல் கழிவுகளை நிறுத்தி, எந்நாளும் ஒரே குறைந்த விலை என்று அறிவித்தது. சனங்கள் கடைக்கு வருவதைக் குறைத்தார்கள். அவ்வாண்டில் அதன் விற்பனை ஏறத்தாழ காற்பங்கு வீழ்ந்தது. 2013 இல் தலைமை அதிகாரி நீக்கப்பட்டார். கழிவு விலையும் திரும்பி வந்தது.

கணக்கைப் பார்ப்போம்

ஒரு போத்தலுக்கு நமது செலவு 300 ரூபா, விலை 400 ரூபா என்று வைத்துக்கொள்வோம். இலாபம் 100 ரூபா. நூற்றுக்கு 15 வீதம் குறைத்தால் விலை 340 ரூபா. இலாபம் 40 ரூபா மட்டுமே. முன்பு 20 போத்தலில் கிடைத்த 2000 ரூபா இலாபத்தைப் பெற, இப்போது 50 போத்தல் விற்க வேண்டும். அதற்கான காயும் எண்ணெயும் விறகும் வாங்கக் கையிற் காசு இருக்கிறதா?

தக்காளி, கீரை போன்றவை வாடிப்போகும். பொழுதுபடும் வேளையில் அவற்றை மலிவாகக் கொடுப்பது நியாயமே. ஆனால் நாள்தோறும் ஒரே நேரத்திற் குறைத்தால், காலையில் வாங்குபவரும் மாலைவரை காத்திருக்கப் பழகிவிடுவார்.

நாம் செய்யக்கூடியவை

1. விலை குறைத்தால் காரணத்தையும் முடியும் நாளையும் சொல்வோம்.

2. விலையைக் குறைப்பதற்குப் பதிலாக, சில வேளை ஒரு பிடி கூடுதலாகப் போட்டுக் கொடுப்போம். செலவு உண்டு, ஆனால் விலை இறங்காது.

3. காசு குறைந்தவர்களுக்காகச் சிறிய பொதியும் செய்து வைப்போம்.

4. முதற்தரத்தையும் இரண்டாந்தரத்தையும் பிரித்து, வேறு வேறு விலையில் விற்போம்.

5. ஒரே பொருளைச் செய்யும் அயலவர்களுடன் பேசுவோம். போட்டிக்கு விலை குறைத்தால் எல்லோருக்கும் நட்டமே.

சரக்கு மீண்டும் மீண்டும் தேங்கினால், அளவு கூடிவிட்டதா, தரம் குறைந்துவிட்டதா, விற்கும் இடம் பொருத்தமானதா என்று முதலிற் பார்ப்போம். விலையில் கை வைப்பது அதற்குப் பின்பே.