மலை எங்கேயும் போய்விடாது... வெயிலில் அவசரப்படாதீர்கள்!

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு மலையேறப் போகிறீர்களா? ஒரு நிமிஷம், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்!

திருப்பருத்திக்குன்றத்துக்குப் பேரில்தான் குன்றம். ஜினகாஞ்சி என்ற பெயரும் உள்ள இந்த ஊர், காஞ்சிபுரத்தை ஒட்டி வேகவதி ஆற்றோரம் சமதரையில் இருக்கிறது. நிஜமான மலையில் ஏற வேண்டுமென்றால் வேன் பிடித்து வெளியூர் போக வேண்டியதுதான். சமணக் குடும்பங்கள் வந்தவாசி பக்கம் பொன்னூர் மலைக்கோ, போளூர் பக்கம் திருமலைக்கோ போவார்கள். மற்றவர்களுக்கு இருக்கவே இருக்கிறது, திருவண்ணாமலையும் பர்வதமலையும்.

போவது நல்ல விஷயம். ஆனால், எப்போது போகிறோம்? பிள்ளைகளுக்கு லீவு விடுகிற ஏப்ரல், மே மாதங்களில்! பாறை கொதிக்கிற நேரத்தில்!

பர்வதமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் சுமார் 4,500 அடி. படிக்கட்டு ஒரு கட்டத்தில் முடிந்து, கல்லும் கரடுமான ஏற்றம் வரும். உச்சியை நெருங்கும்போது பாறையில் அடித்த கடப்பாறைகளையும், இரும்பு ஏணியையும் பிடித்துத்தான் ஏற வேண்டும். நிழல் குறைவு. உச்சி வெயிலில் அந்த இரும்பைத் தொட்டால் கை பொத்துப் போகும்.

"தினம் எட்டு மணி நேரம் தறி மிதிக்கிற காலுங்க இது. மலை என்ன பெரிசு?" என்று கேட்கிறவர்கள் உண்டு. கால் தாங்கும், சரி. இதயம்? நிழலில், ஒரே இடத்தில் உட்கார்ந்து பழகிய உடம்புக்கு வெயிலில் ஏறுவது முற்றிலும் வேறு வேலை. ஆபீஸ் நாற்காலியில் இருப்பவர்களுக்கும் இதே கதைதான்!

உள்ளே என்ன நடக்கிறது?

மலையேறும்போது தசைகள் ஏராளமான சூட்டை உண்டாக்குகின்றன. அதை வெளியேற்ற உடம்புக்கு இருக்கும் முக்கிய வழி வியர்வை. கடும் உழைப்பில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல்கூட வியர்வை போகலாம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அது சொட்டிக்கொண்டே இருக்குமே தவிர, சூடு இறங்காது.

அதேசமயம் தோலுக்கும் ரத்தம் வேண்டும், தசைக்கும் வேண்டும். வியர்த்ததால் ரத்தத்தின் அளவோ குறைந்திருக்கும். இதயம் இரண்டு பக்கமும் இழுபடும். ஏற்கெனவே அடைப்பு இருப்பவர்களுக்கு நெஞ்சுவலி வருவது இந்த இடத்தில்தான்.

மேலே போகப் போக, ஆயிரம் அடிக்குச் சுமார் 2 டிகிரி செல்சியஸ் வீதம் காற்று குளிரும். 'அப்பாடா, ஜிலுஜிலுன்னு இருக்கே' என்று தண்ணீர் குடிக்க மறந்துவிடுவோம். அதுவும் ஆபத்து!

உலகம் கற்ற பாடம்

அமெரிக்காவில் பாலைவனத்தின் நடுவே இருக்கிறது ஃபீனிக்ஸ் நகரம். அங்கே ஒட்டகத் திமில் போல ஒரு மலை; பெயரே கேமல்பேக். சுமார் 2,700 அடிதான். ஊரே அதில் ஏறும். வெயிலில் மயங்கியவர்களை மீட்கப் போன தீயணைப்பு வீரர்களே சுருண்டு போன பிறகு, 2021 முதல், கடும் வெப்ப எச்சரிக்கை நாட்களில் பகலில் அந்தப் பாதையை மூடிவிடுகிறார்கள்.

2024 ஹஜ் யாத்திரையில் வெயிலின் கொடுமையில் 1,300 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே வருடம் நம் கோவை வெள்ளியங்கிரியிலும் மலையேறிய பக்தர்கள் பலர் உயிரிழந்தார்கள். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்ததும் 2024-ல்தான். பக்தியோ பொழுதுபோக்கோ, வெயிலுக்கு வித்தியாசம் தெரியாது!

யார் யோசிக்க வேண்டும்?

இதய நோய், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறவே கூடாது. ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பில் நீர் சீக்கிரம் வற்றிவிடும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்! சர்க்கரை நோயாளிகளே, வெறுங்காலோடு நடக்க வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், பாறை சுட்டுக் கொப்புளம் வந்ததுகூடத் தெரியாது. பிறகு அது ஆறாத புண்ணாகிவிடும்.

கிளம்பும் முன்...

* இரண்டு வாரம் முன்பிருந்தே காலையில் நடந்து பழகுங்கள். திருக்கழுக்குன்றம் போல ஐந்நூறு, அறுநூறு படி உள்ள மலையில் ஒத்திகை பார்க்கலாம்.

* வனத்துறை அனுமதி உண்டா, எந்த நேரம் என்று விசாரியுங்கள். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத் தீயில் 23 பேர் பலியானதை மறக்க வேண்டாம்.

* விடியும்போதே ஏறத் தொடங்கி, வெயில் ஏறும் முன் இறங்குவது போலத் திட்டமிடுங்கள். இறங்கத்தான் முழங்காலில் அதிக பலம் வேண்டும்.

* இரண்டு இட்லி போதும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள்.

* ஆளுக்குக் குறைந்தது மூன்று லிட்டர் தண்ணீர். தாகம் எடுக்கும் வரை காத்திராமல், கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்துவிடும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட், உப்பு போட்ட மோர் இரண்டும் கூடவே இருக்கட்டும்.

* வெளிர்நிறப் பருத்தி உடை, தொப்பி, வழுக்காத ஷூ. பட்டுப் புடவை வீட்டிலேயே இருக்கட்டும்!

ஆள் தள்ளாடினால்?

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, கிறுகிறுப்பு... இவை முதல் மணி. உடனே நிழலில் உட்கார வைத்து, ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். அதற்கு மேல் ஏற விடாதீர்கள்.

பேச்சு குழறுகிறதா? சம்பந்தமில்லாமல் பேசுகிறாரா? மயங்குகிறாரா? இது வெப்ப மயக்கம் என்று விசிறிவிட்டுச் சும்மா இருக்கிற நேரமல்ல. 'ஹீட் ஸ்ட்ரோக்', உயிருக்கே ஆபத்து! உடம்பின் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கலாம். 108-க்குச் சொல்லுங்கள். காத்திருக்கும் நேரத்தில் சட்டையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது; புரையேறிவிடும். காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது.

கடைசியாக ஒன்று. "இவ்வளவு தூரம் வந்துட்டோம், இன்னும் கொஞ்சந்தான்" என்று முடியாதவரை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். பாதியில் இறங்குவது தோல்வி அல்ல, சாமி குத்தமும் அல்ல. மலை அங்கேயேதான் இருக்கும். மார்கழிக் குளிரில் மறுபடியும் போய்க்கொள்ளலாம், எல்லோரும் சேர்ந்து!