பொக்ஸ்புரோவில் ஏறிய செக்ரோல்

தேயிலைத் தோட்டத்தின் வேலை, சம்பளப் பதிவேடான செக்ரோலும் ஒரு தரவுத்தளம்தான். இலங்கையின் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் யாருக்கு முழுப்பேர் (முழுநாள் சம்பளம்), யாருக்கு அரைப்பேர் (அரைநாள் சம்பளம்), எத்தனை கிலோ கொழுந்து, எவ்வளவு முற்பணம் என்பதெல்லாம் அதில்தான் ஏறும். சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் 8 வீதமும் நிர்வாகத்தின் 12 வீதமும் மாதம் தவறாமல் கணக்காக வேண்டும்.

இத்தகைய வேலைக்கென்றே வார்த்ததுபோல் இருந்தது பொக்ஸ்புரோ என்ற தரவுத்தள மென்பொருள். அதை உருவாக்கிய நிறுவனத்தை மைக்ரோசொப்ட் 1992இல் வாங்கியது. 2004இல் வந்த ஒன்பதாம் பதிப்பே கடைசி. 2015 ஜனவரியில் ஆதரவும் நின்றது. அதில் எழுதிய மென்பொருள்கள் மட்டும் நிற்கவில்லை. பழைய கணினியிலும் ஓடும். வாங்குபவர் தனி உரிமக் கட்டணம் கட்டத் தேவையில்லை. சிறு வியாபாரிக்கு விற்க இதைவிட நல்ல பேச்சு ஏது?

பொக்ஸ்புரோவில் ஓர் அட்டவணை 2 ஜிகாபைட்டைத் தாண்டாது. சில்லறைக் கடைக்கு அது தாராளம். உண்மையான தலைவலி தமிழ்தான். யுனிகோட் இல்லாததால் பெயர்களைப் பாமினி எழுத்துருவில் ஏற்ற வேண்டும். எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகள் சிதறி நிற்கும், புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி விழும். விற்பவர் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நேர்மை. ஒரு வசதி: அதன் தரவை எக்செல் திறக்கக்கூடிய கோப்பாக மாற்றி எடுக்கலாம்.