மங்கியது வில்லையா, உறையா?

சென்ற மாதம் குறிகட்டுவான் துறையிலே நெடுந்தீவு ஆச்சி ஒருவரைச் சந்தித்தேன். நயினாதீவு அம்மனைத் தரிசிக்கப் புறப்பட்டவர். படகு வந்து நிற்பதையும் பேரன் சொல்லித்தான் அறிந்தார். இரண்டாண்டுகளின் முன் புரை நீக்கிச் செயற்கை வில்லை பொருத்திக்கொண்ட கண் அது.

"தம்பி, உள்ளுக்கு வைச்ச கண்ணாடி பழுதாப் போச்சு, பழையபடி புகார்தான். திரும்ப வெட்டுவினம் எண்ட பயத்திலை ஆஸ்பத்திரிப் பக்கம் போகேல்லை" என்றார்.

நான் வைத்தியனல்லன். ஆயினும் இவ்வச்சம் பலருக்கும் உண்டாகையால், படித்தறிந்ததைச் சொல்லுகிறேன்.

இயற்கை வில்லை ஒரு மெல்லிய உறையினுள் இருக்கிறது. சத்திரசிகிச்சையில் உறையின் முன்புறத்தைத் திறந்து, கலங்கிய வில்லையை அகற்றி, எஞ்சிய உறைக்குள்ளே புதியதை அமர்த்துகின்றனர். உறையில் ஒட்டிய உயிரணுக்கள் மாதங்களோ ஆண்டுகளோ கழித்துப் பெருகிப் பின்சுவரிற் படர்ந்தால், அது மங்கிவிடும். வில்லையோ துலக்கமாகவே இருக்கும். பெரும்பாலும் நேர்வது இதுவே. மங்கிய சுவரின் நடுவே யாக் லேசர்க் கதிரினால் சிறு வாயிலொன்று திறந்துவிடுவர். கத்தியில்லை, தையலில்லை, சில நிமிட வேலை.

வில்லையே மங்குவதும் உண்டு, ஆனால் அரிது. யுத்தத்தில் விமானிகளின் கண்ணிற் பாய்ந்த பெர்ஸ்பெக்ஸ் துண்டுகள் கண்ணைப் புண்படுத்தாது கிடந்தமையைக் கண்ட லண்டன் வைத்தியர் ஹரல்ட் ரிட்லி, 1949இல் அவ்வினப் பொருளாலேயே முதல் வில்லையைச் செய்து பொருத்தினார். பின்னர், சிறு துளையூடே மடித்துச் செலுத்தத்தக்க மென்வில்லைகள் வந்தன. அவற்றுள் நீரை ஏற்கும் அக்கிரிலிக் வகை சிலவற்றிற் கல்சியம் படிந்து பால்போல் வெளுத்துவிட்டது. இதற்கு லேசர் பயன்படாது. வில்லையையே மாற்ற வேண்டும். உறை மங்கியதென்று தவறாக எண்ணி முதலில் லேசரால் அதைத் திறந்துவிட்டாலோ, பின்பு மாற்றுவது மேலும் கடினமாகும்.

நீரிழிவும் கண்ணழுத்தமும்கூடப் பார்வையைக் குறைக்கும். எனவே மருந்து விட்டுக் கண்மணியை விரித்து, மங்கியது எதுவெனக் காண்பதே முதற் காரியம்.

படகு புறப்படுமுன் இவற்றைச் சுருக்கிச் சொன்னேன்.

"அப்ப வெட்டத் தேவையில்லையோ?"

"அதை வைத்தியர் பார்த்துத்தான் சொல்லவேணும், ஆச்சி. பார்க்கிறதுக்கு வெட்டில்லை."

அவர் சற்று யோசித்துப் பேரன் பக்கந் திரும்பினார். "திங்கட்கிழமை முதற் படகு எத்தனை மணிக்கடா?"